ஐந்து கட்டை வெசிலே

வெசிலே அக்காவுக்கு இரண்டு விஷயங்களில் கர்வம். முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு நேரடி ஒலிபரப்புக்குக்கூட அவர் தாமதமாக வந்ததில்லை என்பது ஒன்று. இருபத்தோரு வயதில் எந்தச் சுருதியில் பாட ஆரம்பித்தாரோ, அதே ஐந்து கட்டையில்தான் ஐம்பத்தைந்திலும் பாடுகிறார் என்பது மற்றொன்று. முதலாவது உண்மை. இரண்டாவது பொய். அந்தப் பொய்யைச் செய்த கைகளில் இரண்டு என்னுடையவை.

நான் ரூஹி. இஸ்தான்புல் வானொலியில் கானூன் வாசித்தவன். மடியில் கிடத்தி விரலில் நகம் மாட்டி மீட்டுகிற, எழுபது சொச்சம் கம்பி கொண்ட வாத்தியம். பக்கவாத்தியக்காரனுக்குப் பாடுகிறவரின் முதுகுதான் தெரியும். வெசிலே அக்காவின் முகத்தைவிட அவர் கழுத்தை எனக்கு நன்றாகத் தெரியும். மேல் ஸ்தாயிக்குப் போகும் முன் அது லேசாக வலப்பக்கம் சாயும்.

எஸ்கிஷெஹிர் ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவரின் மகள் அவர். வானொலித் தேர்வில் தேறி வந்தவரை ஒன்பது வருஷம் கோரஸின் பின்வரிசையில் நிறுத்தி வைத்தார்கள். பத்தாவது வருஷம் தனியாகப் பாடும் உரிமை கிடைத்தது. நடுவில் உஸ்குதார் துறைக்குப் பயணிப் படகு ஓட்டும் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார். அக்கா பாடும் நாளில் அந்த மனுஷன் படகில் ரேடியோவை அலறவிடுகிறார் என்று பயணிகள் புகார் எழுதிப் போட்டார்கள். சாப்பாடும் பாட்டுமாக நடக்கும் விடுதி ஒன்றில் ஒரே ஒரு தடவை பாடப் போனார். முன்மேஜைக்காரர் ஒருவர் ஆட்டு எலும்பைக் கடித்துக்கொண்டே ஒரு பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்டாராம்.

"மொதல்ல முழுங்குங்க ஐயா, அப்புறம் கேளுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கியவர், மறுபடி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

எங்கள் தவறு ஒரு காய்ச்சலில் தொடங்கியது. எழுபத்தாறு மார்ச்சில், உடம்பு சுட்டுக்கொண்டிருந்தபோதே அக்கா ஒலிபரப்புக்கு வந்துவிட்டார். ஒத்திகையில் குரல் மேலே ஏறவில்லை. எங்கள் இசையில் பாடகர் வாய் திறக்கும் முன் குழலோ கானூனோ தனியாகக் கொஞ்சம் ஆலாபனை செய்யும். அது எங்கே விடுகிறதோ அங்கே பாடகர் பிடித்துக்கொள்வார். கம்பிவாத்தியத்தை இறக்கிக் கட்டலாம். நேய் என்கிற நாணல் குழலில் அது நடக்காது. ஒவ்வொரு சுருதிக்கும் ஒவ்வொரு குழல். குழல்காரர் நிஜாமி அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, பையிலிருந்து சுருதி குறைந்த நீளக் குழலை எடுத்தார். நான் கம்பிகளை அரைக் கட்டை இறக்கினேன்; மற்றவர்களும் இறக்கிக் கட்டினார்கள். அக்கா பிரமாதமாகப் பாடினார்.

"பாத்தீங்களாடா! காய்ச்சல்கூட என் கட்டைய அசைக்க முடியல!" என்றார்.

அந்தச் சந்தோஷத்தில் யார் போய் உண்மையைச் சொல்வது? அடுத்த வாரம் சொல்லலாம் என்றோம். சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்து இன்னொரு அரைக் கட்டை, அதன்பின் ஒரு முழுக் கட்டை. தன் ஒலிநாடாக்களைக் கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை என்பது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. கடைசியில் மூன்றில் வந்து நின்றோம். அக்காவோ, சுருதி இறக்கிய பாடகிகளை எல்லாம் வாய் ஓயாமல் கேலி செய்துகொண்டிருந்தார். "பாவம், கெணத்துக்குள்ள எறங்கிட்டா. கயிறு போட்டுத்தான் தூக்கணும்." நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு தேநீரைக் கலக்குவோம்.

எண்பத்தேழில் ஓய்வு வந்தது. ஞாயிறு காலைப் பதினோரு மணிக்கு, அரங்கில் ஜனங்களை வைத்து நேரடி ஒலிபரப்பாக விடைபெறும் கச்சேரி. அதன்பின் அவருக்கு ஒலிவாங்கி கிடையாது; விடுதிப் பக்கமும் போகமாட்டார். நிஜாமி அண்ணன் அந்தக் குளிர்காலத்தில் காலமாகிவிட்டிருந்தார். அவர் இடத்துக்கு அங்காராவிலிருந்து துன்ஜாய் என்பவர் வந்தார். நல்ல வாசிப்பு. அவரிடம் விஷயத்தைச் சொல்லிவைக்க எனக்குத் தோன்றவே இல்லை. அவர் முறையாக அக்காவிடமே போய்ச் சுருதி கேட்டிருக்கிறார்.

வியாழக்கிழமை ஒத்திகையில் துன்ஜாய் ஐந்து கட்டைக் குழலை ஊதினார். நான் மூன்றில் கம்பியைத் தொட்டேன். நாராசம். எல்லோரும் நிறுத்தினோம்.

"யாருப்பா தப்பு?" என்றார் அக்கா.

"நீங்க சொன்ன அஞ்சுலதான் அக்கா நான் இருக்கேன்" என்றார் துன்ஜாய். "அவங்கல்லாம் மூணுல இருக்காங்க."

அக்கா திரும்பினார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். கம்பி இறங்கிவிட்டது, மன்னியுங்கள் என்று நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

"குழலோட சேத்துக் கட்டு" என்றார். கட்டினேன். பாடினார். உச்சிக்குப் போகும் இடத்தில் கழுத்து சாய்ந்தது, குரல் உடைந்தது. இன்னொரு தடவை முயன்றார். மறுபடியும் உடைந்தது.

"எத்தன வருஷமா?"

"பதினொண்ணு, அக்கா."

மேலங்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் தொலைபேசியை எடுக்கவில்லை. கச்சேரியை ரத்து செய்துவிடுவார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். வந்து ஐந்திலேயே பாடி, ஊர் கேட்க உடைந்துபோவாரோ என்று நான் பயந்தேன்.

ஞாயிறு பத்து மணிக்கு வந்தார். எங்களைப் பார்க்காமல் துன்ஜாயிடம் சொன்னார்: "ரெண்டரைக் கட்ட. மூணுகூட வேணாம்."

பாட்டுப் பட்டியலையும் மாற்றியிருந்தார். உச்சியைத் தொடும் பாட்டு ஒன்றுகூட இல்லை. ஐந்தில் இருப்பதாக நம்பி இத்தனை வருஷம் மேலே மேலே எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தவர், அன்று கீழே நிதானமாக உட்கார்ந்துவிட்டார். கனமான, கொஞ்சம் கரகரத்த ஒரு குரல் வந்தது. அவசரமே இல்லாத குரல். நான் வாசிப்பதை ஓரிடத்தில் விட்டுவிட்டேன்; கண்ணீர் கண்ணை மறைத்தது. முடிந்ததும் ஜனங்கள் நெடுநேரம் கை தட்டினார்கள்.

ஒப்பனை அறையில் அவரிடம் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"அக்கா, இப்படி ஒரு குரல் உங்ககிட்ட இருந்துதா?"

கண்ணாடியைப் பார்த்தபடி காதணியைக் கழற்றிக்கொண்டிருந்தவர், கையை நிறுத்தினார்.

"எனக்கும் இன்னிக்குத்தான் தெரிஞ்சுது ரூஹி. பதினோரு வருஷம் நீங்க மறச்சு வெச்சீங்க. இந்தக் குரல்ல பாட எனக்குக் கெடச்சது ஒரே ஒரு காலைப்பொழுது."

அவரைக் காப்பாற்றுவதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.