பச்சை தெரியுதோ?

சும்மா இருப்பது எனக்கு வராது. பள்ளிக்கூடத்தில் கதிரையை ஆட்டிக்கொண்டே இருக்கிறேன் என்று அடி வாங்கினேன். என் கலியாணப் படங்களில் எல்லோருடைய முகமும் தெளிவாக இருக்க, என் முகம் மட்டும் பாதிப் படங்களில் கலங்கிக் கிடக்கிறது. அப்படிப்பட்டவள் போயும் போயும் பிடித்துக்கொண்ட பொழுதுபோக்கு, முக்கால்வாசி நேரம் சும்மா இருக்கச் சொல்கிற ஒன்று. விமானத்திலிருந்து பரசூட்டோடு குதிப்பது என்றதும் ஆட்கள் அந்தக் குதிப்பை மட்டும்தான் நினைக்கிறார்கள். அது சில நிமிடங்களில் முடிந்துவிடும். மிச்சமெல்லாம் காற்று அடங்கக் காத்திருப்பதும் மேகம் விலகக் காத்திருப்பதும்தான். காத்திருக்கிறவர்கள் கதைப்பார்கள். நாங்கள் கதைப்பது சாமான்களைப் பற்றி.

திருகோணமலையில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் எனக்குத் தெரிந்து என்னோடு சேர்த்து மூன்று பேர். கிண்ணியாவில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் ஒருவர். ஐம்பதை எட்டியவர். வளைகுடாவில் குதிப்பவர்களுக்குப் பரசூட் மடித்துக் கொடுக்கும் வேலைக்குப் போய், பிறகு தானும் குதிக்கப் பழகியவர். நானும் வளைகுடாவில்தான் பழகினேன். ஒரு ஹோட்டலில் கணக்கெழுதிக்கொண்டிருந்த காலத்தில், வெள்ளிக்கிழமைகளில் அறைக்குள் இருக்க ஏலாமல் போய்ச் சேர்ந்தது. மூன்றாமவர் வங்கியில் வேலை செய்யும் இளைஞர், எங்கள் இருவருக்கும் தம்பி. மேற்படிப்புக்குப் போன நாட்டில் படிப்போடு சேர்த்து இதையும் படித்துக்கொண்டு வந்தவர். வருடத்தில் ஓரிரு தடவை கொழும்பிலிருந்து ஒரு சிறிய விமானம் சீனக்குடா விமானத்தளத்துக்கு வந்து இரண்டு நாள் நிற்கும். அந்த இரண்டு நாளுக்காக மற்ற நாளெல்லாம் வாட்ஸ்அப்பில் கிடந்து புரள்வோம்.

காலையில் பல் துலக்கும்போதே தொடங்கிவிடும். கடலில் விழுந்தால் உப்புத் தண்ணீர் பட்ட பரசூட்டை எத்தனை தரம் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். வெயிலில் காயப்போடலாமா, கூடாதா. கையுறை போட்டால் கைப்பிடி தட்டுப்படுமா. காதுக்குள் கூவி உயரம் சொல்லும் கருவி நல்லதா, மணிக்கட்டில் கட்டுவது நல்லதா. வங்கித் தம்பிக்கு எதுவும் புதிதாக இருக்க வேண்டும். நானாவுக்கு எதுவும் பழையதாக இருக்க வேண்டும். எனக்கு இரண்டு பேரோடும் சண்டை பிடிக்க வேண்டும். ஒருதரம் நானா காற்றுக்கு இழுபட்டுப்போய்க் குறிஞ்சாக்கேணிப் பக்கம் களப்புக்குள் விழுந்து, மீனைக் கலைத்துவிட்டார் என்று வலைகாரர் ஒருவரிடம் நன்றாக ஏச்சு வாங்கிக்கொண்டு அவருடைய தோணியிலேயே கரைக்கு வந்தார். மிதவை அங்கி போடுங்கள் என்று அதற்கு முன் நான் நூறு தரம் சொல்லியிருந்தேன். அதைச் சொல்லிக்காட்டாமல் நான் விட்ட நாள் இல்லை.

என்னுடைய அவருக்கு இதில் ஒரு துளி விருப்பமும் இல்லை. உட்துறைமுக வீதியில் படகு என்ஜின் திருத்துகிறவர். ஏணியில் மூன்றாம் படிக்கு மேல் ஏறமாட்டார். நான் குதித்துவிட்டு வீட்டுக்கு வரும் ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "பயந்தனீரோ?" நான் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் சொல்வேன்: "சீ, எனக்கென்ன பயம்." அத்தோடு அந்தக் கதை முடியும்.

போன முறை விமானம் வருவதற்கு முதல்நாள் பரசூட்களை மடிக்கக் கிண்ணியாவில் ஒரு கலியாண மண்டபத்தில் கூடினோம். நீளமான, சுத்தமான, காற்றில்லாத தரை வேண்டும்; நானாவின் சொந்தக்காரருடைய மண்டபம், கலியாணம் இல்லாத நாளில் திறந்துவிடுவார். மேடையில் முந்தைய நாள் மாப்பிள்ளை பெண் இருந்த தங்க நிறக் கதிரைகள் அப்படியே கிடந்தன. நாங்கள் கீழே பாயை விரித்து முழங்காலில் நின்றோம்.

மடிக்கும் இடத்தில் எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. மடிக்கிறவரோடு கதைக்கக் கூடாது. தெரியாமல் கதைத்து, அவரும் பதில் சொல்லிவிட்டால், மடித்ததையெல்லாம் உதறிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஏனென்றால் எல்லா வேலையும் முடிந்ததாகக் கைக்குத் தோன்றும், ஒன்று மட்டும் விடுபட்டிருக்கும். அதிலும் லேசாக விடுபடுவது குட்டிப் பரசூட். நாங்கள் ஆகாயத்தில் முதலில் கையால் எடுத்து வீசுவது அதைத்தான். அது காற்றைப் பிடித்து விரிந்தால்தான் முதுகுப் பையைத் திறந்து பெரிய பரசூட்டை வெளியே இழுக்கும். ஒருமுறை வேலை செய்தபின் அது சுருங்கிப்போய்விடும். மறுபடி மடிக்கும்போது அதன் உள்நூலை இழுத்து அதைத் தயார்ப்படுத்த வேண்டும். இழுத்தால், முதுகுப் பையின் மூடிக்குக் கீழே, அதன் பட்டியிலுள்ள விரல்நுனி அளவு ஜன்னலில் பச்சை நூல் தெரியும். இழுக்க மறந்தால் தெரியாது. அப்படியே குதித்தால், வீசிய குட்டிப் பரசூட் முதுகுக்குப் பின்னால் துணித்துண்டாக இழுபட்டுக்கொண்டு வரும், பை திறக்காது. அவசரப் பரசூட் ஒன்று இருக்கிறதுதான். ஆனால் அது போய் இதில் சிக்கினால் என்ன ஆகும் என்பதை நாங்கள் யாரும் வாய்விட்டுக் கதைப்பதில்லை. அதனால்தான் மடித்து முடித்ததும் ஒருவரையொருவர் கேட்போம்: "பச்சை தெரியுதோ?"

அன்று பிந்தி வந்த வங்கித் தம்பி போனை நீட்டிக்கொண்டே வந்தார். வளைகுடாவில் யாரோ விற்கிற ஊதா நிறப் பரசூட். நூற்று முப்பத்தைந்து சதுர அடி. பரசூட் சின்னதானால் வேகம் கூடும், இறங்கும்போது பிழைவிட இடம் குறையும். தம்பிக்கோ வருடத்தில் ஓரிரு தடவைதான் குதிப்பு, அலுவலகக் கதிரையில் வளர்ந்த வயிறு வேறு. எனக்குப் பொறுக்கவில்லை.

"உங்களுக்கென்ன விசரோ? நானா, இஞ்ச வந்து இதைப் பாருங்கோ!" என்று கத்தினேன்.

நானா அப்போது முழங்காலில் நின்று மடித்துக்கொண்டிருந்தார். கையில் குட்டிப் பரசூட். என் சத்தத்துக்கு அதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"தம்பி, இது பரசூட்டா, மூக்குத் துடைக்கிற கைலேஞ்சியா?" என்றார்.

"நானா, என்னை நிறுத்துப் பார்த்தா என் பாரத்துக்கு இது போதும்."

"எதில நிறுத்தீங்க? என்ட கடைத் தராசுக்கு வாங்க, பார்ப்பம்."

பிறகு கேட்க வேண்டுமா? தேத்தண்ணி வந்து ஆறிப்போகும்வரை மூன்று பேரும் கத்தினோம். வாங்குவதில்லை என்று தம்பி கடைசியில் ஒத்துக்கொண்டார்; முகத்தைப் பார்த்தால் இரவே வாங்கிவிடுவார் போலிருந்தது. நானா போய் விட்ட இடத்திலிருந்து மடித்துப் பையைக் கட்டினார். நானும் என் பாய்க்குப் போய் மிச்ச வேலையை முடித்தேன். யாரும் எதையும் உதறவில்லை. மண்டபத்தைப் பூட்ட வேண்டிய நேரமாகிவிட்டிருந்தது.

கிண்ணியாப் பாலத்தைக் கடந்து வரும்போதுதான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. நானா திரும்பப் போய் உட்கார்ந்தபோது உள்நூலை இழுத்தாரா? நான் பார்க்கவில்லை. கூப்பிட்டது நான். வீட்டுக்குப் போனதும் செய்தி அனுப்பினேன்: "நானா, பச்சை பார்த்தனீங்களோ?" பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. கட்டைவிரலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? மறுபடி கேட்டேன். "நாளைக்குச் சந்திப்பம் தங்கச்சி, இன்ஷா அல்லாஹ்" என்று வந்தது. குசினிக்கும் முன்வாசலுக்குமாக நடந்தேன். என்னுடைய அவர் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து நிமிர்ந்து, "ஒரு இடத்தில இருமன், பார்க்கிற எனக்குத் தலை சுத்துது" என்றார்.

காலையில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று பிடித்து உலுப்பியது. ஓடுபாதை ஓரத்தில் கம்பத்தில் கட்டிய காற்றுப்பை விறைத்துக்கொண்டு நின்றது. அது தொங்கினால்தான் ஏறலாம். நானா முதுகில் பையோடு நிழலில் உட்கார்ந்திருந்தார். நான் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"நானா, ஒருக்காத் திரும்புங்கோ. ஜன்னலைப் பார்ப்பம்."

"தங்கச்சி, நான் மடிச்சுக் குடுத்து ஒரு ஊரே குதிச்சிரிக்கு. எனக்கே பாடமா?" சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் ரோசம் வந்துவிட்டது தெரிந்தது. மூத்த மனிதரை அதற்கு மேல் எப்படி நச்சரிப்பது? தள்ளிப் போய் மணலைக் காலால் கிளறிக்கொண்டு நின்றேன். எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது. அதைவிட என் வாய்மேல்.

மதியத்துக்குச் சற்று முன் காற்றுப்பை சட்டென்று தொங்கியது. விமானி கையைக் காட்டினார். ஓடினோம். ஏறுவதற்கு முன் ஒருவர் பையை மற்றவர் பார்ப்பது வழக்கம். வங்கித் தம்பி ஓடுகிற ஓட்டத்தில் என் முதுகிலும் நானாவின் முதுகிலும் பையைப் பூட்டும் ஊசிகளை மட்டும் தடவிப்பார்த்து "சரி, சரி" என்றார்.

விமானம் ஏறியது. கதவோரக் கண்ணாடியில் துறைமுகம் சரிந்தது, கொட்டியாரக் குடா வந்தது, தோப்பூர் வயல்கள் வந்தன. நான் ஒன்றையும் பார்க்கவில்லை. நானாவின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கால் ஓயாமல் தரையில் தாளம் போட்டது. இனிமேல் ஏலாது என்று அவர் தோளைத் தட்டி, இரைச்சலுக்கு மேல் கத்தினேன்.

"நானா, என்னை ஏசுங்கோ, அடியுங்கோ. ஆனால் நான் பார்க்க வேணும்!"

அவர் என் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, முதுகைக் காட்டினார். மூடியைத் தூக்கினேன். பச்சை. அழகான, கொழுத்த பச்சை. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. அவர் தோளில் பலமாகக் குத்தினேன். இரவிலிருந்து என் நெஞ்சில் ஏறிக் குந்தியிருந்தது இறங்கிப்போனது.

நானாவும் சிரித்தார். பிறகு, இப்போது உன் முறை என்பதுபோல விரலைச் சுழற்றித் திரும்பச் சொன்னார். திரும்பினேன். மூடியைத் தூக்குவது தெரிந்தது. உடனே தோளில் தட்டுவார் என்று பார்த்தேன். தட்டவில்லை. அவருடைய கை அங்கேயே நின்றது.

குனிந்து என் காதுக்குள் சொன்னார்: "பச்சை இல்ல, தங்கச்சி."

"வடிவாப் பாருங்கோ!"

அவர் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினார். தம்பி பார்த்துவிட்டு என்னைப் பார்க்காமல் தலையை ஆட்டினார்.

அப்போதுதான் மண்டபம் முழுதாக என் கண்ணுக்குள் வந்தது. கத்திக் கூப்பிட்டபோது நானும் முழங்காலில்தான் நின்றேன். என் கையிலும் குட்டிப் பரசூட் இருந்தது. நானாவை எழுப்பினது மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருந்தது. அவர் திரும்பிப் போய் இழுத்திருக்கிறார். நான் இழுக்கவில்லை. அவரை நச்சரிக்காமல் இருந்திருந்தால் என் பையின் மூடியை யாரும் தூக்கியிருக்க மாட்டார்கள்.

பறக்கும் விமானத்துக்குள் அதைச் சரிசெய்ய ஏலாது. கதவு திறக்கும் நேரம் வந்தது. நானா என் வலக்கையைப் பிடித்து, குட்டிப் பரசூட் இருக்கும் பைவாயில் வைத்து அழுத்தினார். காற்றுப் பட்டு அது வெளியே வந்துவிடக் கூடாது. விடாதே என்று கண்ணால் சொன்னார். நான் விமானிக்குப் பின்னால் ஒடுங்கி இருக்கைப் பட்டியைக் கட்டிக்கொண்டேன். தம்பி போனார். நானா போனார். கதவு மூடியது. இத்தனை வருடத்தில் நான் விமானத்தோடு தரைக்கு வந்தது அன்றுதான். இறங்க இறங்கக் காது அடைத்தது. பையைப் பொத்திய கையை நிலத்தில் கால்வைத்த பிறகும் நான் எடுக்கவில்லை.

நிழலில் பாயை விரித்து எல்லாவற்றையும் அவிழ்த்தேன். உள்நூலை இழுத்தேன். ஒரே ஒரு இழுவை. ஜன்னலில் பச்சை வந்து நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது.

கப்பல்துறைப் பக்க வெளியில் இறங்கிய நானாவும் தம்பியும் ஓட்டோவில் வந்து சேர்ந்தார்கள். நானா ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். அவர் ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்து, எனக்கு முதுகைக் காட்டிப் போட்டு உட்கார்ந்தார். ஏதோ சொல்ல வந்த தம்பியைக் கையை நீட்டி மறித்தார்.

"மடிக்கிறாங்க. கதைக்காதீங்க."

யார் வந்தாலும் அதையே சொன்னார். நான் வாயைத் திறக்காமல் முதலிலிருந்து கடைசிவரை மடித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்ததில்லை. முடித்து நிமிர்ந்தபோது காற்றுப்பை மறுபடி விறைத்திருந்தது. அன்றைய குதிப்பு அத்தோடு சரி.

வீட்டுக்குப் போனபோது என்னுடைய அவர் முன்வாசலில் எண்ணெய்க் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். நான் பையைத் தூக்கி அலுமாரிக்குள் வைக்காமல் கதிரையில் வைத்து, அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். கால் ஆடவில்லை. அது அவருக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும். கையைத் துடைத்துக்கொண்டே கிட்ட வந்தார்.

"பயந்தனீரோ?"

"ஓம்."

துவாய் அவர் கையில் அப்படியே நின்றது.

"நாளைக்கும் போறீரோ?"

"ஓம்."