துப்பாக்கி இல்லாத துப்பறிவாளர்

அழவைக்க எழுதிய தொடர்கதையை நடுங்கவைக்கும் மர்ம நாவலாக்குவது, சேலையை வெட்டிக் காற்சட்டை தைக்கிற மாதிரியான தொழில். கண்டியில் நான் வேலை செய்த அச்சகத்தின் வார இதழ் நின்றுபோய், பழைய தொடர்கதைகள்தான் மிச்சமிருந்தன. "இதுகளைத் துப்பறியும் நாவலாக்குவம். முதல் புத்தகம் ஓடாட்டி அச்சகத்துக்குப் பூட்டுத்தான் தம்பி" என்றார் யாழ்ப்பாணத்து முதலாளி. முதலாளி சொன்னதை எழுதிப் பிழைத்த அன்பர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

முதல் பக்கத்துப் பிணம்

கையில் கிடைத்தது, அம்பிட்டியவில் ஒரு மாமியாரும் மருமகளும் வாரம் தவறாமல் அழுத கதை. முதல் பக்கத்திலேயே பிணம் விழ வேண்டும் என்பது கட்டளை. மாமியாரைக் கொன்றேன். மனசுக்கு நிறைவாகவே இருந்தது.

மாற்றம் வேண்டாத இடங்களுக்குப் பழைய இதழைக் கத்தரித்து ஒட்டிக் கொடுப்பேன். அச்சுக் கோக்கும் மாரிமுத்து அதை அப்படியே கோத்துவிடுவார். பிழை திருத்த உட்கார்ந்தால், ஏழாம் அத்தியாயத்தில் செத்த மாமியார் வந்து மருமகளிடம் தேத்தண்ணி கேட்கிறார். மாரிமுத்துவிடம் பாய்ந்தேன். அவர் நிமிரக்கூட இல்லை. "எனக்கும் தெரிஞ்சிச்சுங்க. ஆனா மாமியா தேத்தண்ணி கேக்கிறப்ப, நீங்க செத்துட்டீங்கன்னு சொல்ல எந்த மருமகளுக்குங்க தைரியம் வரும்?"

இடுப்பில் என்ன?

என் துப்பறிவாளருக்கு மழைக்கோட்டு, வாயில் சிகரெட், இடுப்பில் துப்பாக்கி எல்லாம் கொடுத்திருந்தேன். அதற்குள் தமிழர்களுக்கு எதிரான கலவரம் வந்தது. ஊரடங்கு தளர்ந்து அச்சகத்தைத் திறந்தபோது, பக்கத்துக் கடைகள் கரியாகிக் கிடந்தன. சந்திக்குச் சந்தி நிஜத் துப்பாக்கிகள் நின்றன. கையெழுத்துப் பிரதியைப் புரட்டிய முதலாளி அதைச் சட்டென்று மூடிவைத்தார். "துப்பாக்கி எண்ட சொல்லே இருக்கப்படாது. சோதனைக்கு வாற ஆமிக்காரன் கதை எண்டு பாப்பானே?"

பிறகு கொலைகாரனை எப்படிப் பிடிப்பது என்று கேட்டேன். அவர் மூலையில் சாத்தியிருந்த தன் குடையைப் பார்த்தார். "குடையைக் குடும். மழை ஓயாத கண்டியிலை அதுக்கு ஒருத்தரும் காரணம் கேக்கமாட்டினம்."

மடுல்கெல்லவிலிருந்து வந்தவர்

புத்தகத்தைப் பேருந்து நிலையத்துக் கடையில் போட்டோம். குடையோடு கொலைகாரனைத் துரத்துகிறவரை யார் வாங்கப்போகிறார்கள் என்று எனக்கு ஒரே பயம். வேலை போனால் போக்கிடமும் இல்லை. ஒருநாள் விற்பனை பார்க்கப் போனபோது, மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்து ஆள் ஒருவர் அதே புத்தகத்தோடு வந்து, எழுதியவர் யார் என்று கேட்டார். கடைக்காரர் சந்தோஷமாக என்னைக் காட்டிக்கொடுத்தார். திட்டு வாங்கத் தயாரானேன்.

"கலவரத்திலேருந்து எங்க வீட்ல ஒருத்தருக்கும் ராவுல தூக்கமில்லீங்க. இதுல துப்பாக்கிச் சத்தமே வரல. நான் வாசிக்க வாசிக்க வீடே தூங்கிருச்சு. எங்க லயத்து வீடுகள்ல எல்லாரும் கேக்கிறாங்க, இருக்கிறதெல்லாம் குடுங்க."

வாசகரின் தூக்கத்தைக் கெடுக்கச் சம்பளம் வாங்கிய நான், அவர்களைத் தூங்கவைத்துத்தான் வேலையைக் காப்பாற்றிக்கொண்டேன்.