வெளியில் போகும்போது மட்டும்

பாரிஸில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், என் கடை மேசையின் அடி இழுப்பறையில் ஒரு பிஸ்கட் டின் கிடக்கிறது. அதற்குள், பாத்திரம் துடைக்கும் நீலக் கட்டத் துணியில் சுற்றிய ஒரு பழைய மடிக்கணினிப் பற்றரி. துணியின் மேல் ஒட்டிய தாளில், உருண்டை உருண்டையான எழுத்தில், "வெளியில் போகும்போது மட்டும்" என்று எழுதியிருக்கிறது. பற்றரி செத்துப் பல வருடமாகிறது. இதை இன்னும் எதற்கு வைத்திருக்கிறாய் என்று கேட்காதவர் இல்லை. என் வாழ்நாளில் நான் பட்ட எரிச்சலில் பெரிய பங்கு அந்த டின்னுக்குள் இருக்கிறது. சொந்த எரிச்சலைக் குப்பையில் போட மனம் வருமா?

அந்த எழுத்துக்கு உரியவரை, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் மொழிபெயர்ப்பு அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். மார்க்ஸ் டோர்மோய் தெருவில் நாலாம் மாடியில் இருந்தார். அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு மேன்முறையீடு செய்கிறவர்கள், தங்கள் கதையையும் ஊரிலிருந்து வந்த கடிதங்களையும் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் போவார்கள். அவர் அவற்றைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்து கொடுப்பார். நானோ வந்த புதிதில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவியவன். பழுதாய்ப் போனதென்று மற்றவர்கள் தெருவோரம் வைத்துவிட்டுப் போன கணினிப் பெட்டிகளைத் திறந்து திறந்துதான் தொழில் படித்தேன். 2009இல் ஒரு ரெலிபோன் கடையின் பின்பக்கத்தில் எனக்கென்று ஒரு மேசை கிடைத்தது. அக்கா கொண்டுவந்த பழைய மடிக்கணினியில், உலகம் முழுவதும் ஆட்கள் சேர்ந்து எழுதுகிற இலவச இயங்குதளம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். அப்படித்தான் பழக்கம்.

ஆட்கள் சொல்லும் சொலவடைகளைச் சேர்ப்பதில் எனக்கொரு பைத்தியம் உண்டு. அக்காவுக்கோ அவற்றால் தலையிடி. "தம்பி, வயித்திலை புளியைக் கரைச்சது எண்டு சொல்லுறார் மனுசன். அதை அப்பிடியே பிரெஞ்சிலை எழுதினா, என்ன சாப்பிட்டவர் எண்டெல்லே கேப்பினம். பயந்தேன் எண்டு எழுதினா, புளி இல்லாத ரசம் மாதிரிக் கிடக்கு" என்பார். நான் அதையும் ரசீதின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வேன்.

ஒரு மாரிகாலத்தில் அந்த மடிக்கணினி இழுக்கத் தொடங்கியது. "ஒரு எழுத்தைத் தட்டிப்போட்டுப் போய்த் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வரலாம்" என்றார். மேசையில் வைத்து முடுக்கினேன், பறந்தது. ஒன்றுமில்லை அக்கா என்று அனுப்பினேன். இரண்டு நாளில் திரும்பி வந்தார். மறுபடியும் பறந்தது. பக்கத்து மரக்கறிக் கடை அண்ணை எட்டிப் பார்த்து, "டொக்குத்தரைக் கண்டவுடனை காய்ச்சல் விட்ட பிள்ளை மாதிரி. உன்ரை கடைக்குள்ளை ஏதோ சாமி இருக்கடா, ஒரு கற்பூரத்தைக் கொளுத்து" என்றார். எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

மூன்றாம் முறை வந்தபோது கடையில் ஆறேழு பேர் நின்றார்கள். எனக்கு எரிச்சல். ஆடத் தெரியாதவளுக்கு நிலம் கோணல் என்று மனதுக்குள் நினைத்தேன். வாயால் சொன்னது அதைவிட மோசம். "உங்கட கண்ணுக்கு முன்னாலைதானே ஓடுது அக்கா. பிழை இருந்தா எனக்குக் காட்டுங்கோ. ஒண்டையும் காட்டாமல் நான் என்னெண்டு நம்புறது?"

அக்கா கோபப்படவில்லை. மடிக்கணினியை மூடிப் பைக்குள் வைத்தார். "அகதிக் கந்தோர்க்காரர் கேக்கிற இந்தக் கேள்வியை நான் கிழமைக்குக் கிழமை மற்றச் சனத்துக்கு மொழிபெயர்த்துச் சொல்லுறனான் தம்பி. என்னட்டையே ஒருத்தர் கேப்பார் எண்டு நினைக்கேல்லை. அதுவும் தமிழிலை" என்றார். போய்விட்டார்.

அந்தக் கிழமை அவர் கையில் இருந்தது ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்துப் பக்கம் ஒரு உணவகக் குசினியில் வேலை செய்த ஒரு அண்ணையின் டொசியே, மேன்முறையீட்டுக் கோப்பு. விசாரணைக்கு முன், வெள்ளிக்கிழமைக்குள் மொழிபெயர்ப்புகளெல்லாம் தட்டச்சில் வேண்டும் என்று அவருடைய வழக்கறிஞர் கேட்டிருந்தார். நாற்பது பக்கம். வெள்ளிக்கிழமை வந்தபோது முப்பத்திரண்டுதான் முடிந்திருந்தது. மிச்சம் எட்டில், அண்ணையைத் தடுத்து வைத்திருந்த மாதங்களைப் பற்றி அவருடைய மனைவி எழுதிய கடிதம் இருந்தது. என் மேசையில் வந்திருந்து தட்டியிருக்கலாம். நான் வரச் சொல்லவில்லை. நான் பேசிய பேச்சுக்குப் பிறகு சொல்லியிருந்தாலும் வந்திருக்க மாட்டார். அண்ணையின் கோரிக்கை இரண்டாம் முறையும் தள்ளுபடியானது. ஆதாரம் போதாதாம். அந்த எட்டுப் பக்கமும் போயிருந்தால் முடிவு மாறியிருக்குமா? ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் இன்றுவரை அரிக்கிறது.

செய்தி கேட்டு, நாலு மாடி ஏறி அக்கா வீட்டுக்குப் போனேன். "வாரும்" என்று மட்டும் சொல்லித் தேத்தண்ணி வைத்தார். மேசையில் மடிக்கணினி கிடந்தது. தட்டிப் பார்த்தேன், செக்கு மாடு போல இழுத்தது. திருப்பிப் பார்த்தேன், பின்பக்கத்தில் பற்றரி இருக்கவேண்டிய இடம் வெறும் பள்ளம்.

"பற்றரி எங்கை அக்கா?"

அலுமாரியைத் திறந்து இந்த டின்னை எடுத்தார். "பத்திரமாக் கிடக்கு. வெளியிலை கொண்டுபோகேக்கை மட்டும்தான் போடுறனான்."

"ஏன்?"

"ஏனோ? நீர்தானே சொன்னனீர்! வீட்டிலை வயரிலை ஓடேக்கை கழட்டி வையுங்கோ, தேயாது எண்டு."

சொன்னேன்தான். அவருக்கு மட்டுமா, கடை வாசலை மிதித்த அத்தனை பேருக்கும் சொன்னேன். நாங்கள் எதையும் தேயவிடாத சனம். ரிமோட்டுக்குப் பொலித்தீன், சோபாவுக்கு உறை, வந்த நாளிலிருந்து பெட்டி பிரிக்காத கண்ணாடிக் கோப்பைகள். அந்தப் புத்திமதி சனத்துக்குச் சர்க்கரைப் பொங்கல் மாதிரி இனித்தது. அதற்குள் ஒரு பொறி இருப்பது எனக்குத் தெரியவில்லை. கணினியின் மூளையான செயலி எந்நேரமும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. வேலை இல்லாதபோது தணியும், வேலை வந்ததும் ஏறும். அப்படி ஏற்றி இறக்குவதற்கு டிரைவர் என்றொரு சின்ன நிரல் உண்டு. சில பழைய மடிக்கணினிகளில் பற்றரியைக் கழற்றினால், சார்ஜர் தனியே தாங்காதென்று பயந்து, தாய்ப்பலகை "மெல்லப் போ" என்று டிரைவருக்குக் கட்டளை போடும். அக்கா வீட்டில் நடந்தது அதுதான். என் கடைக்கு வரும்போதெல்லாம், வெளியில் போகிறோம் என்று பற்றரியைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். சாமியுமில்லை, கற்பூரமுமில்லை.

வெட்கத்தோடு பற்றரியைப் பொருத்தினேன். அப்படியும் இழுத்தது. "அதை நானும் போட்டுப் பாத்தனான். ஒரு மாற்றமும் இல்லை. அதாலைதான் உம்மட்டைச் சொல்லேல்லை" என்றார் அக்கா. அணைத்துத் திரும்ப முடுக்கினேன், பறந்தது. அப்போதுதான் விளங்கியது. "மெல்லப் போ" என்ற கட்டளை டிரைவரின் காதில் விழுகிறது. பற்றரி வந்தபிறகு "இனி ஓடலாம்" என்று சொல்வது விழுவதில்லை. அக்காவோ ஒருநாளும் அணைப்பதில்லை, மூடியை மட்டும் சாத்துவார். கடைக்கு வரும் நாளில்தான் முழுதாக நிறுத்துவார். எல்லாக் கண்ணிகளும் ஒன்றுவிடாமல் பொருந்தி எங்களைப் பிடித்திருந்தன. அன்றைக்குச் சுவரில் தலையை மோதவேண்டும் போல இருந்தது.

அதன்பிறகு ஒன்றரை வருடம் அந்த டிரைவரோடு மல்லுக்கட்டினேன். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, அதை எழுதுகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் முறைப்பாடு அனுப்பினேன். ஒருவர் எழுதினார்: எங்கள் மேசையில் அப்படி நடக்கவில்லையே. வாசித்தபோது காது சுட்டது. அது என்னுடைய வசனம்! இன்னொருவர், இயந்திரம் பழசு என்றார். மூன்றாமவர், குற்றம் தாய்ப்பலகை செய்தவனுடையது, எங்களுடையதல்ல என்றார். நானே பத்து வரியில் ஒரு திருத்தம் எழுதினேன்: பற்றரி வந்தாலோ போனாலோ, தாய்ப்பலகையிடம் இன்னொருதரம் கேட்டுக்கொள் என்று. வரித் தொடக்கத்தில் விட்ட இடைவெளி அவர்கள் வழக்கப்படி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சரிசெய்து அனுப்பினேன். நாலு மாதம் மூச்சில்லை. திரும்ப அனுப்பினேன்.

அந்த உலகத்தில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. திருத்தத்தின் அடியில், பிழையை முதலில் முறையிட்டவரின் பெயரை ஒரு வரியில் எழுதுவார்கள். அக்காவின் பெயரைப் போடவா என்று கேட்டேன்.

"எனக்கென்னத்துக்கு? அந்தக் குசினி அண்ணையின்ரை பேரைப் போடும். அவரின்ரை ஒரு முறைப்பாட்டையாவது ஆரும் ஏற்றுக்கொள்ளட்டும்."

"விசா இல்லாத மனுசன் அக்கா. பேர் வெளியிலை வரலாமே?"

"வீட்டிலை கூப்பிடுற பேரைப் போடும். பொலிசுக்கும் தெரியாது, டொசியேயிலும் இல்லை" என்று சொல்லி, ஒரு துண்டுத் தாளில் அந்தப் பெயரை எழுதித் தந்தார்.

போட்டேன். பதில் வந்தது: இது உண்மைப் பெயராகத் தெரியவில்லை, ஆதாரமான பெயர் தரவும். என்ன தருவது? அந்தத் துண்டை இழுப்பறையில் போட்டு வைத்தேன். சில மாதம் கழித்து, வேறொருவர் என் பத்து வரியை ஆறு வரியாக்கி எழுத, அது சேர்க்கப்பட்டது. அடியில் அந்தப் பெயர் இல்லை. அண்ணை அதற்கு முன்னமே பாரிஸை விட்டுப் போயிருந்தார்; எங்கே என்று அக்காவுக்கும் தெரியாது. அக்காவின் மடிக்கணினியும் திரை செத்து முடிந்திருந்தது. பிழை திருத்தியாயிற்று, திருத்தத்தால் பயன்பெற ஒருவரும் மிச்சமில்லை.

அக்கா தன் மகளோடு லியோன் நகருக்குப் போகும்போது இந்த டின்னைத் தந்துவிட்டுப் போனார். "புதுசு மாதிரியே இருக்குப் பாரும்" என்றார். கேலியா, உண்மையா, கேட்கத் துணியவில்லை.

இப்போது வருகிற மடிக்கணினிகளில் பற்றரியைக் கழற்றவே முடியாது. போன கிழமை, தமிழ்நாட்டிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த ஒரு தங்கச்சி வந்தார். "அண்ணா, வீட்ல மட்டும்தான் ரொம்ப ஸ்லோவா இருக்கு. இங்க பாருங்க, சூப்பரா ஓடுது. எனக்கே அசிங்கமா இருக்கு" என்றார். இஞ்சை நல்லாத்தானே ஓடுது என்ற வசனம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடையைப் பூட்டிக்கொண்டு கூடவே போனேன். அங்கேயும் நன்றாகத்தான் ஓடியது. ஒரு மணித்தியாலம் இருந்து பார்த்தேன். சனியன், ஒருதரம்கூட இழுக்கவில்லை. "சாரிண்ணா, நிஜமாவே..." என்று தொடங்கினார். "பொய் எண்டு நான் சொல்லேல்லையே தங்கச்சி. நாளைக்கும் வாறன்" என்றேன்.

கடைக்குத் திரும்பி இழுப்பறையைத் திறந்தேன். நீலக் கட்டத் துணிக்குள், தேயாமலே செத்த பற்றரி. பக்கத்தில், அந்த வீட்டுப் பெயர் எழுதிய துண்டு. இன்னும் எந்தப் பத்திரத்திலும் ஏறாத பெயர்.