பன்னாட்டு உறவுகளும் ஒரு லயத்து வீடும்

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் வீடு வேலையோடு ஒட்டியது. வேலையில் இருப்பவர் பெயரில் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒன்று இருக்கும். அவருக்கு வயதாகி வேலை முடிந்தால், பிள்ளைகளில் ஒருவர் அந்த இடத்தில் பேர் பதிய வேண்டும். பதிந்தால் வீடு நிற்கும். இல்லாவிட்டால் சாமான்களைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். கேரளத்தில், தேவிகுளத்துக்குப் பக்கத்தில் எங்கள் மலையில் தலைமுறை தலைமுறையாக வீடு இப்படித்தான் கைமாறுகிறது. பாட்டியிடமிருந்து அம்மாவுக்கு வந்தது. அம்மாவிடமிருந்து எனக்கு வர வேண்டும்.

அம்மாவுக்கு வேலை முடிந்தபோது நான் பி.ஏ. அரசியல் அறிவியல் கடைசி வருடத்தில் இருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். அப்பா இறந்த பிறகு, டூரிஸ்டுகள் தங்கும் விடுதி ஒன்றில் சமையலறை வேலைக்குப் போனேன். முப்பதைத் தாண்டிய பிறகு பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் தனியாக எழுதித் தேறினேன். தமிழிலேயே எழுதலாம் என்பதால் மலைக்குக் கீழே, தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் தொலைநிலைப் படிப்பில் சேர்ந்தேன். வகுப்பும் பரீட்சையும் போடியில். பன்னாட்டு உறவுகள் என்ற பாடத்தைப் படிக்க நான் ஒவ்வொரு தடவையும் மாநில எல்லையைத் தாண்டினேன்.

வேறு ஏதாவது படித்திருக்கலாமே என்று கேட்காதவர்கள் இல்லை. கம்ப்யூட்டர் சொன்னார்கள், நர்சிங் சொன்னார்கள், தையல்கூடச் சொன்னார்கள். எனக்குப் பயந்த சுபாவம். கேஸை அடைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். மழை விடாமல் பெய்தால் மேலே இருக்கிற மண் கீழே வந்துவிடுமோ என்று செருப்பைக் கதவோரம் தயாராக வைத்துவிட்டுத்தான் படுப்பேன். அப்படிப்பட்டவள் பன்னாட்டு உறவுகள் புத்தகத்தில் ஒரு பாடம் படித்தேன். ஒரு நாடு பயத்தில் ஆயுதம் வாங்குகிறது. அதைப் பார்த்துப் பக்கத்து நாடு பயந்து இன்னும் கொஞ்சம் அதிகமாக வாங்குகிறது. அதைப் பார்த்து முதல் நாட்டுக்கு மறுபடி பயம். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. நாடுகளும் என்னைப் போலத்தான் பயந்து சாகின்றன, அதைப் படிக்க ஒரு படிப்பே இருக்கிறது. இது எனக்கான படிப்பு என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அதை யாரிடமும் விளக்கிக்கொண்டிருக்கவில்லை.

அடுத்த வீட்டில் இருந்தவர் எஸ்டேட் சூப்பர்வைசர். கேலி பேசாமல் அவருக்குத் தண்ணீர் பிடிக்க வராது. ஒரு நாள் குழாயடியில் ஆரம்பித்தார்.

“ஏ பிள்ள, இந்தப் படிப்ப முடிச்சிட்டு எங்க போவப்போற? டெல்லிக்கா?”

“தெரியாதுண்ணே.”

“ரஷ்யாக்காரனும் அமெரிக்காக்காரனும் நீ வந்து பேசி முடிப்பேன்னுதான் காத்துக் கெடக்கானுவ போல.”

“சனி ஞாயிறு எனக்கு கிளாஸ். மத்த நாளு வரச் சொல்லுங்க.”

குழாயடியே சிரித்தது. நான் குடத்தைச் சாய்த்துப் பாதித் தண்ணீரைச் சிந்திவிட்டேன். எதிர்த்துப் பேசும்போதெல்லாம் எனக்கு அப்படித்தான். பயப்படுவேன், ஆனாலும் பேசிவிடுவேன்.

எஸ்டேட் வேலையை நான் மட்டமாக நினைக்கவில்லை. பேர் பதியத் தயாராகத்தான் இருந்தேன். தம்பி திருப்பூரில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கிறான், அவன் மலையேற மாட்டான். ஆனால் புதிதாகப் பதிகிறவர்களுக்கு முதல் ஆறு மாதம் லீவு கிடையாது. தினமும் காலையில் ஆஜர் எடுக்கிற மஸ்டரில் நின்று பேர் கொடுக்க வேண்டும். தவறினால் பதிவு போய்விடும், அதோடு வீடும் போய்விடும். என் ஐந்து பரீட்சைகளும் அந்த ஆறு மாதத்துக்குள், வார நாட்களில் வந்தன.

அடுத்த வருடம் எழுது என்றார்கள். எல்லாருமே ரொம்ப சுலபமாகச் சொன்னார்கள். ஒன்பதாம் வகுப்பில் நிறுத்தியபோதும் இதே அடுத்த வருடத்தைத்தான் சொன்னார்கள். அது வந்து சேர நான் முப்பதைத் தாண்ட வேண்டியிருந்தது. இன்னொரு அடுத்த வருடத்தை நம்ப நான் தயாராக இல்லை.

பதிவுக்குக் கடைசி நாளன்று அம்மாவும் நானும் எஸ்டேட் ஆபீசுக்குப் போனோம். கிளார்க் மலையாளி, நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். பரீட்சை விஷயத்தைச் சொன்னேன்.

“படிக்கறது நல்ல காரியம் தன்னே,” என்றார். “பக்ஷே ரூல் ரூலல்லே. ஒருத்தருக்குக் கொடுத்தா எல்லாருக்கும் கொடுக்கணும்.”

அம்மா குறுக்கிட்டாள். “சார், அஞ்சு நாளுதான. அந்த அஞ்சு நாளும் இவளுக்குப் பதிலா நான் நின்னு கொழுந்து எடுக்கேன்.”

“அம்மைக்கு வேலை தீர்ந்துபோச்சே.”

அம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். கிளார்க் பேனாவை என் பக்கம் நகர்த்தி, “ஒப்பு போடு மோளே, அடுத்த வருஷம் எழுதிக்கலாம்,” என்றார்.

அடுத்த வருஷம் என்ற வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை கையெழுத்துப் போட்டிருப்பேன்.

“வேண்டாம் சார். வீட்ட எடுத்துக்கோங்க,” என்றேன். திரும்பி வரும் வழியில் இரண்டு தடவை தேயிலைச் செடியோரம் உட்கார்ந்துவிட்டேன். அம்மா எனக்காக நின்றாள். லயம் கண்ணில் பட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“ஏட்டி, நான் பெறந்த வீடுட்டி அது.”

பிறந்த வீட்டை வேலைக்கு ஈடாக வைத்துக்கொள்கிற சட்டத்தை நான் எழுதவில்லை. அதற்கான குற்றவுணர்ச்சியையும் நான் சுமக்க மாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போதும் அவ்வப்போது சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பஜாரில் ஒரு மளிகைக் கடைக்குப் பின்னால் ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. சாமான் ஏற்ற சூப்பர்வைசர்தான் ஜீப் பிடித்துத் தந்தார். பீரோவின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டே, “பரீட்சை எழுதிட்டு வந்து கேட்டா இந்த வீடு கெடைக்காது பிள்ள, தெரியும்லா,” என்றார்.

“தெரியும்ணே. அந்தப் பக்கம் நல்லாப் பிடிங்க.”

அம்மா சமையல் செய்தாள், எனக்குச் சோறு போட்டாள். பேச்சு மட்டும் பாத்திரங்களோடுதான். முதல் பரீட்சையே பன்னாட்டு உறவுகள். பஸ் பழுதாகுமோ, போடிமெட்டில் பாறை உருண்டு வழியை மறிக்குமோ, ஹால் டிக்கெட் காற்றில் பறக்குமோ என்று பயந்துகொண்டே மலை இறங்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. மூன்று மணி நேரமும் தலை நிமிராமல் எழுதினேன். மீதி நான்கையும் அதே பயத்தோடு எழுதி முடித்தேன்.

கடைசிப் பரீட்சை முடிந்து அறைக்கு வந்தபோது கடைக்காரர் மனைவி வாசலில் நின்று அம்மாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள். எஸ்டேட் வீட்டை விட்டுவிட்டு யாராவது இப்படி வருவார்களா என்பது அவள் கேள்வி. நான் படிக்கட்டிலேயே நின்றுவிட்டேன்.

“ஒங்க மக என்ன பண்ணுதா?”

“படிக்கா,” என்றாள் அம்மா.

“இந்த வயசுலயா? படிச்சு என்ன செய்யப்போறாளாம்?”

அம்மா அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை.

“இன்னும் மேல படிப்பா,” என்றாள்.