டிக் போட்ட பெல்ட்

எண்ணெய்ப் பிசுக்கு நாற்றம் இன்றைக்கும் எனக்கு ஆகாது. பெட்ரோல் பங்க்கைக் கடந்தால்கூட முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வேன். எல்லாம் எங்கள் வீட்டு வேன் செய்த வேலை.

ஒரகடத்தில் ரோட்டை அகலப்படுத்திக்கொண்டிருந்த சமயம். எனக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து, என்னை அம்மா வீட்டுக்கு அனுப்ப மாமியார் ஒரு புதன்கிழமை காலையைக் குறித்திருந்தார். அதை விட்டால் எட்டு பிறந்துவிடும். "எட்டுல அனுப்புற பழக்கம் எங்க வூட்ல கெடையாது. அப்பறம் ஒம்பதுலதான்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். வடக்குப்பட்டில் அந்த மாமியார் வீட்டில் இன்னொரு மாதம் என்று நினைத்தாலே எனக்குக் குமட்டியது. சுங்குவார்சத்திரத்தில் அம்மா ஆரத்தித் தட்டோடு நிற்பாள் என்ற நினைப்பில்தான் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

முந்தின நாள் வேன் கிறீச்சென்று கத்த ஆரம்பித்தது. இஞ்சினில் ஓடும் பெல்ட் தேய்ந்து நார் நாராகப் பிரிந்திருந்தது. மெக்கானிக்கிடம் விடுங்கள் என்றேன். கார் கம்பெனி அசெம்ப்ளி லைனில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரு ஷிஃப்ட்டுக்கு எத்தினி பெல்ட்டு மாட்றேன் நானு. எனுக்கு மெக்கானிக்கா?"

புதன்கிழமை விடிந்ததும் புது பெல்ட்டோடு உட்கார்ந்தார். அதே லைனில் சீட் மாட்டும் நண்பரையும் துணைக்கு அழைத்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கம்பெனிக்குப் பக்கத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தவர். அண்ணி என்பதை மைனி என்பார்.

எங்கள் வேனில் இஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கியதும் அடித்த நாற்றம் இருக்கிறதே! கருகிய எண்ணெய், என்றோ கொட்டிப் புளித்த பால், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு செத்த எலி. நண்பர் எதையோ எடுத்து அதை நெம்பி வெளியே தள்ளினார். பார்த்தால் என் தோசைக்கரண்டி. "பழசுதான மைனி" என்று இளித்தார். அதைக் குழாயில் ஒரு காட்டுக் காட்டி, மறுபடியும் அடுப்படியிலேயே வைத்துவிட்டுப் போனார் என் வீட்டுக்காரர். அப்புறம் இருவரும் அந்தக் கருப்புக் கையோடு இட்லி தின்றார்கள். தேங்காய்ச் சட்னியில் கோடு கோடாக மசி. நான் கொல்லைப்பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

பெல்ட் மாட்டுவது பெரிய வித்தை இல்லை. மாட்டியபின் அது விறைப்பாக நிற்கும்படி இழுத்துப் பிடித்து போல்ட்டை முடுக்க வேண்டும். அவ்வளவுதான். வீட்டுக்காரர் மாட்டினார். பையிலிருந்து மஞ்சள் மார்க்கரை எடுத்து பக்கத்தில் ஒரு டிக் போட்டார். லைனில் ஸ்டேஷனுக்கு ஓர் ஆள், ஆளுக்கு ஒரு வேலை. அவரவர் வேலை முடிந்ததும் போடுகிற டிக். போட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். நண்பர் வந்தார், டிக்கைப் பார்த்தார், சீட்டை மாட்டினார். தன் பங்குக்கு அவரும் ஒரு டிக் போட்டார்.

"திரும்பிப் பாக்காம போ" என்று மாமியார் வழியனுப்பினார். நண்பரும் ஏறிக்கொண்டார்.

வல்லக்கோட்டைக் கோயிலைத் தாண்டியதும் மறுபடியும் கிறீச். ரப்பர் கருகும் நாற்றம், பின்னாலேயே புகை. ஓரம்கட்டிச் சீட்டைத் தூக்கினார்கள். புது பெல்ட் தொளதொளவென்று தொங்கியது.

"நீ டைட் பண்லியா?" என்றார் வீட்டுக்காரர்.

"நா எதுக்கு டைட் பண்ணணும்? டிக் கெடந்துச்சில்லா, சீட்ட மாட்டிட்டேன்."

"அது பெல்ட்டு மாட்ன டிக்குடா. டைட் பண்றது அட்த்த ஸ்டேஷன் ஆளு."

"அந்த ஸ்டேஷன் எனக்கு இல்லியேண்ணே."

கை நிறைய வளையலோடு ரோட்டோரப் புழுதியில் நின்று இதைக் கேட்டேன். எலியைப் பார்த்தபோதுகூட அவ்வளவு அருவருப்பு வரவில்லை. அந்த வீட்டில் எல்லாமே இப்படித்தான். துணியை ஊறவைத்தால் அவர் வேலை முடிந்தது, அலசுவது அடுத்த ஆள். தின்ற தட்டைத் தொட்டியில் போட்டால் முடிந்தது, கழுவுவது அடுத்த ஆள். அந்த அடுத்த ஆள் எப்போதும் நான்தான்.

"இஞ்சின் ஆறணும், லேட்டாவும்" என்றார் வீட்டுக்காரர். "ஒரு ஆட்டோ புடிச்சி தர்றேன், நீ வூட்டுக்குப் போய்டு. இன்னொரு நாளு பாத்துக்கலாம்."

இன்னொரு நாள்! பின்னாலேயே சுங்குவார்சத்திரம் பஸ் வந்தது. கையைக் காட்டி ஏறிக்கொண்டேன். என் வயிற்றைப் பார்த்துவிட்டு ஒரு பெண் எழுந்து ஜன்னலோரம் இடம் விட்டாள். பஸ் நகரும்போது பார்த்தேன். இரண்டு பேரும் இன்னும் அந்த டிக்கைத்தான் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. வீட்டுக்காரர்தான்.

"டைட் பண்ணியாச்சி. நீ அட்த்த ஸ்டாப்புல எறங்கி நில்லு, வந்துகினே கீறோம்."

"யாருங்க டைட் பண்ணது?" என்று கேட்டேன்.

பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்தேன். அம்மாவின் ஊர் வரும்வரை நான் இறங்கவில்லை.