வண்டி ஆன் த வே

என் பீரோவில், புடவைகளுக்கு அடியில், ஒரு நீல நிற பிளாஸ்டிக் ஃபைல் ரொம்ப நாளாக இருந்தது. பட்டன் வைத்து மூடுகிற வகை. உள்ளே பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல்களின் ஜெராக்ஸ், சாதிச் சான்றிதழின் ஜெராக்ஸ், ஒரு சின்னக் கவரில் இரண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. போட்டோவில் இருக்கும் பெண் இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி கேமராவைப் பார்க்கிறாள். அந்த ஃபைலை முதன்முதலில் நான் பார்த்தது அவள் மடியில்தான். மலைமேல், புதூர்நாட்டில், எங்கள் அலுவலகத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, காற்றில் பறந்துவிடும் என்பதுபோல இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய அப்பா. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்.

அது மலை ஊர்களுக்கு உதவி செய்வதாகச் சொல்லிக்கொண்ட ஒரு சிறிய தொண்டு அமைப்பு. சாமைக்கும் புளிக்கும் நல்ல விலை வாங்கித் தருவோம், பிள்ளைகளின் படிப்புக்கு வழி காட்டுவோம் என்று வாசல் பலகையில் எழுதியிருக்கும். நான் அங்கே நாலு வருஷம் டைப் அடித்தேன், போன் எடுத்தேன். எங்களுக்கு மேலே ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் இருந்தார், நகரத்திலிருந்து வந்தவர். அவர் எதை ஒருங்கிணைத்தார் என்பது கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஏழெட்டு வார்த்தைகளை மட்டும் அவர் மிக நன்றாக ஒருங்கிணைத்தார். காலையில் வந்ததும் ‘ஆக்சுவலா’ என்று ஆரம்பிப்பார். அதற்கப்புறம் வருவதில் ஆக்சுவலாக ஒன்றுமே இருக்காது. யார் எதைக் கேட்டாலும் ‘கண்டிப்பா பண்ணிடலாம்’. நேற்றுக் கேட்டது என்னாச்சு என்றால் ‘ப்ராசஸ்ல இருக்கு’. எங்கே இருக்கிறீர்கள் என்று போனில் கேட்டால், நாற்காலியில் சாய்ந்துகொண்டே ‘ஆன் த வே’. காரியம் கெட்டுப்போனால் ‘ஒரு சின்ன கம்யூனிகேஷன் கேப்’. கெட்டுப்போனதை யாராவது வந்து சொன்னால் அதற்கும் ‘சூப்பர் சூப்பர்’ என்பார், ஏனென்றால் அவர் காதில் எதுவும் விழுந்திருக்காது. வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு என்பார்கள். இவருக்குக் கை என்று ஒன்று இருந்ததா என்பதே எனக்குச் சந்தேகம்.

இப்படிப்பட்டவர்களை வெறும் எரிச்சலோடு விட்டுவிடலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எந்த ஊரிலும் இருக்கிறார்கள். கல்யாண வீட்டில் ‘கண்டிப்பா வூட்டுக்கு வாங்க’ என்று சொல்லிவிட்டு விலாசம் சொல்லாமல் போகிறவர்கள், துக்கம் சொன்னால் ‘டேக் கேர்’ என்று கைபேசியில் தட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போகிறவர்கள். மலைக்குக் கீழே, கீழ்நாட்டில், இந்த வார்த்தைகளுக்கு யாரும் எந்த அர்த்தமும் வைத்துக்கொள்வதில்லை. சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். பேசிவிட்டுத் துடைத்துப் போட்டுவிடலாம். மலையில் அப்படி இல்லை. அந்தப் பெண்ணின் ஊரில் ஒருவர் ‘வர்றேன்’ என்று சொன்னால் அவருக்கென்று ஒரு பங்கு சாமைச்சோறு எடுத்து மூடி வைத்துவிடுவார்கள். வண்டி அனுப்புகிறேன் என்று ஒருவர் சொல்லிவிட்டால் வேறு வண்டியில் ஏறமாட்டார்கள். அத்தனை தூரம் வந்த வண்டி ஆள் இல்லாமல் வெறுமனே திரும்பினால், அனுப்பியவரை நடுரோட்டில் வைத்து அவமானப்படுத்தியதற்குச் சமம்.

அன்று அப்பாவும் மகளும் வண்டி கேட்டு வரவில்லை. செவிலியர் படிப்புக்கு அவளுக்குக் கலந்தாய்வு வந்திருந்தது, வேலூரில், பதினொரு மணிக்கு. அவர்கள் ஊரிலிருந்து அவ்வளவு படித்த முதல் பெண் அவள். தங்கள் ஊரில் எட்டு மணிக்குக் கிளம்புகிற பஸ்ஸைப் பிடித்தால் நேரத்துக்குப் போய்விட முடியுமா என்று கேட்கத்தான் வந்தார்கள். முடியும், கொஞ்சம் ஓட வேண்டியிருக்கும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒருங்கிணைப்பாளர் உள்ளேயிருந்து வந்தார். அன்று அலுவலகத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். கூட்டத்தைப் பார்த்தால் அவருக்கு வாய் சும்மா இருக்காது.

“பஸ் எதுக்கு? நம்ம ஜீப் இருக்கே. ஆக்சுவலா டோர்லயே பிக்கப் பண்ணிடலாம். கண்டிப்பா அனுப்பிடலாம்.”

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அந்தப் பெண் ஃபைலை மார்போடு சேர்த்துக்கொண்டு சிரித்தாள். கேட்காத ஒன்றைக் கொடுத்து, கொடுத்ததை அந்த நிமிஷமே மறந்துபோக அவரைப்போல எல்லோராலும் முடியாது.

கலந்தாய்வு நாளன்று எங்கள் அமைப்பைப் பார்க்க வெளியூர் விருந்தினர்கள் வருவதாக இருந்தது. அதனால் ஏழு மணிக்கே எல்லோரும் அலுவலகத்தில் இருந்தோம். விருந்தினர்களை அருவிக்கு அழைத்துப்போக ஜீப்பை வாசலில் நிறுத்தி டிரைவர் கழுவிக்கொண்டிருந்தார். எட்டு ஆகச் சில நிமிஷம் இருக்கும்போது போன் வந்தது. அப்பாதான். அவர்கள் ஊரில் பாறைமேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். அவருக்கு மூச்சு வாங்கியது.

“ம்மா, பஸ்ஸு கெளம்பப் போவுது. டிரைவரு நமக்கோசரம் ஆரன் அடிச்சிக்கினே நிக்கிறாரு. ஜீப்பு வர்லன்னா சொல்லுங்க, இதுலயே ஏறிக்கிறோம். ஒண்ணும் தப்பா நெனச்சிக்க மாட்டோம். வர்துன்னா அத்த வுட்டுட்டு ஏறக்கூடாது பாருங்க. இன்னா பண்ணட்டும்? ஏறிடட்டுமா?”

போனைக் கையால் மூடிக்கொண்டு ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன். அவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “ஆன் த வேன்னு சொல்லுங்க” என்றார்.

ஜன்னலுக்கு வெளியே ஜீப் நின்றது. சக்கரத்திலிருந்து சோப்பு நுரை வழிந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே போனில் சொன்னேன்: “வண்டி ஆன் த வே தாண்ணா. இருங்க.”

பயந்துபோய் அப்படிச் சொன்னேன் என்றால்கூட என்னை மன்னித்துக்கொள்ளலாம். பயம் ஒன்றும் இல்லை, பழக்கம். நாலு வருஷமாக அந்த வார்த்தைகளைக் கேட்டும் அவர் சார்பில் சொல்லியும் என் நாக்கு தேய்ந்துபோயிருந்தது. போனில் தூரத்தில் பஸ் ஒருமுறை ஹாரன் அடித்தது. “நீங்க போங்க, வண்டி வர்துன்னுட்டாங்க!” என்று அவர் யாரிடமோ சத்தமாகச் சொல்வது கேட்டது. விருந்தினர்கள் வந்தார்கள், ஜீப் அருவிக்குப் போனது. நான் டீ வாங்கிவரச் சொன்னேன்.

மறுநாள் அப்பா மட்டும் வந்தார், கையில் அந்த நீல ஃபைலோடு. சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “டிரைவருக்கு ஒண்ணும் ஆவலியே?” என்பதுதான். கிளம்பிவிட்டது என்று சொன்ன வண்டி ஒரு மணி நேரமாகியும் வரவில்லை, போனுக்குச் சிக்னலும் கிடைக்கவில்லை என்றதும், வழியில் எங்கோ கவிழ்ந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார்கள். அப்பாவும் மகளும் இன்னும் நாலு பேரும் ரோட்டோடு நடந்து, ஒவ்வொரு வளைவிலும் நின்று, பள்ளத்தில் ஜீப் கிடக்கிறதா என்று எட்டிப் பார்த்திருக்கிறார்கள். டிரைவருக்கு எடுத்து வைத்த சோற்றையும் தூக்குவாளியில் கொண்டுபோயிருக்கிறார்கள், அடிபட்டுப் பசியோடு கிடப்பாரே என்று. ஆறாவது வளைவோ ஏழாவது வளைவோ, எதிரே வந்த புளி லாரிக்காரர் அப்படி எதுவும் விபத்து இல்லை என்று சொன்ன பிறகுதான் பின்னால் வந்த வேறொரு லாரியில் ஏறி, பாதி வழியில் இறங்கி, பஸ் மாறி வேலூர் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். மணி இரண்டு. அவள் பெயரை மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு அந்த இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஒருங்கிணைப்பாளர் வெளியே வந்தார். இப்போதாவது மனிதன் மாதிரி ஒரு வார்த்தை பேசுவார் என்று பார்த்தேன். “ஆக்சுவலா ஒரு சின்ன கம்யூனிகேஷன் கேப்” என்றார். “நெக்ஸ்ட் இயர் நம்மளே அப்ளை பண்ணிக் குடுத்துடலாம். ஃபைலை வெச்சிட்டுப் போங்க. கண்டிப்பா பண்ணிடலாம்.”

அப்பா ஃபைலை வைத்துவிட்டுப் போனார். அப்போதும் நம்பினார். அவரை முட்டாள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். படித்தவர்கள் இரண்டு பேர் சொன்னதை நம்புவது முட்டாள்தனம் என்றால், வெட்கப்பட வேண்டியது நம்பியவர் அல்ல.

அடுத்த வருஷம் அந்தப் பெண் பெயரில் யாரும் எதற்கும் விண்ணப்பிக்கவில்லை. ப்ராசஸில் இருக்கிறது என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னதை நானும் துருவிக் கேட்கவில்லை. விண்ணப்பிக்கக் கடைசி நாள் போன பிறகு அவள் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். பின்னால் ஒருங்கிணைப்பாளர் இதைவிடப் பெரிய நாற்காலி கிடைத்துப் போனார். வழியனுப்பு விழாவில் ‘கண்டிப்பா டச்ல இருப்போம்’ என்றார். அவருடைய மேஜையைக் காலி செய்தபோது கீழ் இழுப்பறையில், பிஸ்கட் பாக்கெட்டுக்கு அடியில், அந்த நீல ஃபைல் கிடந்தது. பட்டனைக்கூட யாரும் திறந்திருக்கவில்லை. வீட்டுக்கு எடுத்து வந்தேன். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன். நினைத்ததோடு சரி. என்னுடையதும் ப்ராசஸில்தான் இருந்தது.

இப்போது நான் ஆலங்காயத்தில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். போன வாரம் காலையில் பஸ் ஸ்டாண்டில் யாரோ “அக்கா” என்று கூப்பிட்டார்கள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுப் பை. இரட்டைப் பின்னல் இல்லாததால் கொஞ்ச நேரம் அடையாளம் தெரியவில்லை. ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற பிரிவில் இருப்பதாகச் சொன்னாள், வாரம் ஒரு தடவை மலைக்குப் போய்வருவதாகவும் சொன்னாள். என்மேல் அவளுக்குக் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. எனக்குத்தான் நிற்க முடியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தேன்.

“உன் ஃபைலு எங்கிட்டதான் இருக்குதும்மா. கண்டிப்பா ஒரு நாள் வூட்டுக்கு வந்து குடுக்கறேன்.”

அவள் முகம் மாறியது. “வர்றேன்னு சொல்லாதீங்கக்கா” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “எங்கப்பா காதுல வுழுந்தா சோறு எடுத்து வெச்சிட்டு ரோட்டயே பாத்துக்கினு ஒக்காந்துடுவாரு. வந்தா வாங்க. சொல்ல மட்டும் சொல்லாதீங்க.”

கம்பெனி வண்டி வந்து ஹாரன் அடித்தது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, போய்வருகிறேன் என்பதற்குப் பதிலாக, “ஏறட்டுமாக்கா?” என்றாள்.

“ஏறிக்கோம்மா” என்றேன். அன்று காலை எட்டு மணிக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இந்த ஒரு வார்த்தைதான்.

ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகும் முதல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். நீல ஃபைல் என் மடியில் இருந்தது. வருவதாக யாரிடமும் சொல்லவில்லை.