எடுக்காமல் விட்ட வருடங்கள்

கோடு போட்ட நோட்டின் கடைசிப் பக்கம் அது. பதினோரு பெண்களின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே பச்சை மையில் ஒரு சரிக்குறி. கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தின் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் குறிகளைப் போட்டேன். டிப்ளமோ முடித்து, தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதகராகச் சேர்ந்திருந்த நேரம். எதையும் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக அடித்து முடித்தால்தான் எனக்கு மனம் அடங்கும். அன்றைக்கு நான் முடித்துவைத்தது என்னவென்று எனக்கே தெரியாது.

எங்கள் பேக்கிங் பிரிவில் இருந்தவர்கள் எல்லோரும் ஒப்பந்தப் பெண்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை கான்ட்ராக்டர் மாறுவார். பழையவர் போய்ப் புதியவர் வர இரண்டு மூன்று மாதமாகும். அந்த இடைவெளியில் எல்லோரும் பி.எஃப். பணத்தை மொத்தமாக எடுப்பார்கள். எடுத்த வாரமே ஷேர் ஆட்டோ பிடித்துப் பெரியபாளையம் போய் அம்மனுக்குப் பொங்கல் வைப்பார்கள். அதற்கு ‘பி.எஃப். பொங்கல்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். போனிலேயே விண்ணப்பிக்கலாம் என்று ஆனதும் என்னைத் தேடி வந்தார்கள். பணத்துக்கு ஒரு படிவம், பென்ஷனுக்கென்று சேர்ந்திருப்பதை எடுக்க இன்னொரு படிவம். இரண்டையும் அனுப்பினேன். இரண்டாவதை அனுப்பினால் அதுவரை உழைத்த வருடங்கள் பென்ஷனுக்குச் சேராமல் அழிந்துபோகும் என்பதை நான் படித்துப் பார்க்கவில்லை. திரையில் கேட்டதை நிரப்பினேன், அவ்வளவுதான்.

பன்னிரண்டாவதாக வந்தவர் பேக்கிங் அக்கா. வயது ஐம்பத்தாறு, என் அம்மாவைவிட மூத்தவர்; ஆனாலும் எல்லோருக்கும் அக்காதான். அவர் பணம் எடுக்க வரவில்லை. முதல் கான்ட்ராக்டரிடம் ஒரு பி.எஃப். எண், அடுத்தவரிடம் இன்னோர் எண். இரண்டையும் ஒன்றாக்கித் தரச் சொன்னார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். “இன்னாக்கா, ஆபீசரு மாதிரி பென்சன் வாங்கப் போறியா?” என்றாள் ஒருத்தி. அக்காவும் சிரித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“எங்கூட்டுக்காரரு எடுத்த துட்டெல்லாம் எங்க போச்சின்னே தெரியலடி. எடுக்காம வுட்டதுதான் மாசாமாசம் வந்துக்கினு கீது.”

அவர் கணவர் இரும்பு உருட்டாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. ஒவ்வொரு முறையும் எடுத்துத் தீர்த்தவர், கடைசி இடத்தில் சேர்ந்த ஐந்தாம் மாதம் மாரடைப்பில் இறந்துபோனார். வேலையில் இருக்கும்போதே இறந்ததால், எடுக்காமல் விட்ட அந்த ஐந்து மாதத்துக்கே அக்காவுக்கு விதவை பென்ஷன் வந்துகொண்டிருந்தது. சிறிய தொகைதான்.

மாலை ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து விதிகளை முதல் வரியிலிருந்து படித்தேன். பத்து வருட சேவை இருந்தால் ஐம்பத்தெட்டு வயதில் ஆயுள் முழுக்கப் பென்ஷன். இடையில் எடுத்தால் மறுபடி சுழியத்திலிருந்து. மறுநாள் புதிய பட்டியல் ஒன்று போட்டேன்: யார், எத்தனை வருடம் இழந்தார். ஒருவருக்கு எட்டு, ஒருவருக்கு ஆறு. வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எட்டு வருடம் இழந்தவர் கோபப்படவில்லை. “படிச்ச பொண்ணுன்னுதானம்மா உன்கிட்ட வந்தோம்” என்றார். அந்த எட்டு வருடம் திரும்பி வராது.

அக்காவுடையதையாவது காப்பாற்ற நினைத்தேன். முதல் கான்ட்ராக்டரிடம் ஏழு வருடம், இரண்டாமவரிடம் இரண்டு. இன்னும் ஒரு வருடம் உழைத்தால் பத்து. ஆனால் முதலாமவர், அக்கா வேலையை விட்டு நின்ற தேதியைப் பதியவே இல்லை. அது இல்லாமல் இரண்டு எண்களும் சேராது. அந்த ஏழு போனால், ஐம்பத்தெட்டுக்குள் பத்து வர வழியே இல்லை.

அந்த மனிதர் அந்தத் தொழிலை விட்டுவிட்டு ஆரணியில் மனை விற்றுக்கொண்டிருந்தார். நான் மூன்று கடிதங்கள் அனுப்பினேன், பதில் இல்லை. நேரில் போனபோது, அதெல்லாம் பழைய கதை என்று கைவிரித்தார். நான் எழுந்துவிட்டேன். அக்கா எழவில்லை. சோற்று டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார். மனை பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் மரியாதையாக ஒரே சங்கதியைச் சொன்னார்.

“இவருகிட்ட ஏழு வருசம் வேல செஞ்சேன் சார். தங்கமான மனுசன். நான் நின்ன தேதிய மட்டும் எழுதிக் குடுக்க மாட்றாரு.”

மூன்றாவது ஆள் பத்திரம் பற்றிச் சந்தேகம் கேட்கத் தொடங்கியதும் கான்ட்ராக்டர் தன் பழைய கணக்கரைப் போனில் அழைத்துத் தேதியைப் பதியச் சொன்னார். நாங்கள் பஸ் ஏறும்போது மணி ஒன்றுகூட ஆகவில்லை.

புதிய கான்ட்ராக்டரிடம் அக்கா அந்த ஒரு வருடத்தை முடித்தார். ஐம்பத்தெட்டு நிறைந்ததும் பென்ஷன் வரத் தொடங்கியது. இரண்டு பென்ஷனையும் சேர்த்தாலும் மாதம் முழுக்க அடுப்பெரியாது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் எங்கள் குடும்பங்களில் பென்ஷன் என்ற சொல்லுக்கு இதுவரை இரண்டே பொருள்தான். ஒன்று, சர்க்கார் உத்தியோகம் பார்த்தவருக்கு வருவது. இன்னொன்று, பார்த்துக்கொள்ள யாருமில்லை என்று தாலுகா ஆபீசில் மனு எழுதிக் கேட்பது. அட்டைப் பெட்டி ஒட்டிய கைக்குச் சொந்த உரிமையாக ஒன்று வருவதை அக்காவிடம்தான் முதலில் பார்த்தேன். மருமகளிடம் மாத்திரைக்குக் காசு கேட்பதில்லை என்று ஒருமுறை சொன்னார். எல்லோரும் கேட்கட்டும் என்று சற்று உரக்கவே சொன்னார்.

போன மாதம் மறுபடி கான்ட்ராக்டர் மாறினார். அன்று என்னால் வருடங்களை இழந்த பதினோரு பேரில் மிக இளையவள், இப்போது இரண்டு குழந்தைகளின் தாய், பிரசவங்களுக்காக நின்றுவிட்டு இரண்டு வருடம் முன்புதான் வேலைக்குத் திரும்பியவள், கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். வண்டி வாங்க வேண்டும் என்று புருஷன் நச்சரிக்கிறான் என்றாள். விண்ணப்பம் போடத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, என்ன இழப்பாள் என்பதை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் கை நீட்டி என்னை நிறுத்தினாள்.

“தெரியும்க்கா. எடுக்க வரல. எனக்கு இன்னும் எத்தினி வருசம் பாக்கி? அத்த மட்டும் சொல்லு.”

போனில் பார்த்து, பத்து நிறைய இன்னும் எட்டு என்றேன். பெரியவனுக்கு அப்போது பதினாறு ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே, சாப்பிட்ட தட்டைக் கழுவ எழுந்து போனாள்.